எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்: சித்தூர் தாலுகாவில் ஓட்டும் கிராம சபையும்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் நடத்தியவன் நான். (ஆந்திரச் சித்தூர் வேறு, இது கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம்.) ஓய்வுபெற்ற பிறகு, ஞாயிறு மாலைகளில் ஊர் வாசகசாலையில் பிளஸ் டூ, கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அரசியலமைப்பையும் கேரளப் பஞ்சாயத்துராஜ் சட்டத்தையும் வாசிக்கிறோம். அங்கே திரும்பத் திரும்ப எழும் கேள்விகளையும், நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

எங்கள் வீட்டில் ஓடுவது தமிழ்ச் செய்திதான், பேச்செல்லாம் சென்னை அரசியல்தான். கேரள அரசியல் எங்களுக்கு எதற்கு?

வாசகசாலையில் ஒருநாள் தமிழ்நாட்டு அமைச்சர்களின் பெயர்களைக் கேட்டேன். போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். உங்கள் வார்டு உறுப்பினர் யார் என்று கேட்டேன். இரண்டு மூன்று கைகள்தான் உயர்ந்தன. அந்த உறுப்பினர் அதே தெருவில் குடியிருப்பவர்.

தெருவிளக்கு, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், வீட்டுத் திட்டத்தின் பயனாளிப் பட்டியல், முதியோர் பென்ஷன் எல்லாம் நம் பஞ்சாயத்தின் வழியாகவே வருகின்றன. பாடப் புத்தகமும் ரேஷன் கார்டும் திருவனந்தபுரம் தருவது. சென்னையில் யார் ஆண்டாலும் இவற்றில் ஒன்றும் மாறப்போவதில்லை.

ஆனால் ஒன்று உண்டு, தண்ணீர். தமிழ்நாடும் கேரளமும் 1970-இல் கையெழுத்திட்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் மணக்கடவு வழியாகச் சித்தூர்ப் பகுதிக்கு வர வேண்டும். அந்த நீர் குறையும் ஆண்டில் மூலத்தறை ரெகுலேட்டரின் கால்வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களில் பாதிப் பேர் தமிழ் பேசும் விவசாயிகள். தமிழ்நாட்டிடம் தண்ணீர் கேட்டுக் குரல் கொடுப்பவர்களும் அவர்கள்தாம். அவர்கள் பேசுவது தமிழ், கேட்பது கேரளத்தின் பங்கு. இதில் முரண்பாடு எதையும் நான் காணவில்லை. மொழி நாம் பிறந்த வீடு. வயல் இருக்கும் இடம் நாம் குடியிருக்கும் நாடு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாத பிள்ளைக்கு அரசியல் பாதி புரிந்துவிடும்.

அப்படியென்றால் தமிழர் என்ற உணர்வை விட்டுவிட வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவு தனி மொழியும் எழுத்தும் பண்பாடும் உள்ள எந்தக் குடிமக்களுக்கும் அவற்றைக் காத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. 350ஏ பிரிவு 1956-இல் சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தருவதற்குப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது அது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது, கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுந்தாலும் மக்களின் மொழி சாகக்கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு இது. நாம் இங்கே விருந்தாளிகள் இல்லை. கோடு போடுவதற்கு முன்பிருந்தே இந்த மண்ணில் உழுதவர்களின் பிள்ளைகள்.

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது எப்படி?

18 வயது நிறைந்திருக்க வேண்டும். 1989 வரை இது 21 ஆக இருந்தது; 61-ஆம் திருத்தம் குறைத்தது. முன்பு ஜனவரி 1 மட்டுமே வயதைக் கணக்கிடும் நாள். இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு நான்கு நாட்கள். 17 வயது முடிந்தவுடனேயே முன்கூட்டி விண்ணப்பித்து வைக்கலாம். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றத்துக்கும் பிழை திருத்தத்துக்கும் படிவம் 8. இணையத்தில் செய்யலாம், அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயாவில் செய்யலாம், வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமும் கொடுக்கலாம். ஐயம் இருந்தால் 1950 என்ற எண்ணை அழையுங்கள்.

பெயரின் எழுத்தை மட்டும் கவனமாகப் பாருங்கள். ‘ழ’வும் ‘ற’வும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் ஏறும்போது ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகளின் அப்பா பெயர் மூன்று விதமாகிவிடுகிறது. பிறகு சாதிச் சான்றிதழுக்கு வில்லேஜ் ஆபீஸ் போகும்போதுதான் அந்த வலி தெரியும்.

அப்பாவுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் பாட்டி வீட்டு முகவரியில் ஓர் ஓட்டு, இங்கே ஓர் ஓட்டு. எல்லாரும் அப்படித்தானே வைத்திருக்கிறார்கள்?

தவறு. உறவாக இருந்தாலும் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் ஒருவர் ஒரே தொகுதியில், ஒரே முறைதான் பதிவாகலாம் என்கிறது. பொய்யான உறுதிமொழி கொடுத்துப் பெயர் சேர்த்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஓரிடத்தில் வீடு சொந்தமாக இருப்பதாலேயே ஒருவர் அங்கே வசிப்பவராகிவிட மாட்டார் என்பதையும் அதே சட்டம் தெளிவாகச் சொல்கிறது. 2025 நவம்பரில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரே நேரத்தில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது பல வீடுகளில் இந்தக் கேள்வி வாசலுக்கே வந்து நின்றது.

சட்டத்தை விடுங்கள். எல்லைத் தமிழர்களைப் பற்றி யாராவது குறை பேச வேண்டுமென்றால் முதலில் எடுப்பது இந்த இரட்டை ஓட்டைத்தான். ஒருவர் செய்வதற்கு ஒரு சமூகமே தலைகுனிகிறது. எந்த ஊர்ப் பஞ்சாயத்திடம் நீங்கள் தண்ணீர் கேட்கிறீர்களோ அந்த ஊரில் ஓட்டை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் படிவம் 7 கொடுத்து நீக்கிவிடுங்கள்.

கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். அங்கே பதிய வேண்டுமா?

விடுதி மாணவர்கள் வீட்டு முகவரியிலோ விடுதி முகவரியிலோ, ஏதேனும் ஒன்றில் பதியலாம். வாரம்தோறும் பஸ் ஏறி ஊருக்கு வருகிற பிள்ளை என்றால் வீட்டிலேயே பதியுங்கள் என்பேன்.

பஞ்சாயத்துத் தேர்தலுக்கு அதே பட்டியல்தானா?

இல்லை. அது மாநிலத் தேர்தல் ஆணையத்தின் தனிப் பட்டியல். சட்டமன்றப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட்டு, பஞ்சாயத்துத் தேர்தலன்று சாவடியிலிருந்து திரும்பிப் போனவர்கள் ஒவ்வொரு முறையும் உண்டு. இரண்டிலும் பாருங்கள்.

ஊராட்சிப் பகுதியில் உங்களுக்கு மூன்று ஓட்டுகள். இயந்திரத்தில் வெள்ளைச் சீட்டு கிராமப் பஞ்சாயத்துக்கு, இளஞ்சிவப்பு பிளாக் பஞ்சாயத்துக்கு, இளநீலம் மாவட்டப் பஞ்சாயத்துக்கு. இங்கே ‘நோட்டா’ கிடையாது. ஏதாவது ஒரு தளத்துக்கு ஓட்டுப்போட விருப்பமில்லை என்றால் மற்றவற்றைப் போட்டுவிட்டுக் கடைசியில் ‘எண்ட்’ பொத்தானை அழுத்த வேண்டும். இதைத் தெரியாமல் பதறி நிற்கும் முதல்முறை வாக்காளர்களைப் பார்த்திருக்கிறேன். தமிழர் மிகுந்த மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் வேட்பாளர் பெயர்கள் தமிழிலும் அச்சாகும்.

கிராம சபை என்றால் என்ன? அம்மா போகிறார், கையெழுத்துப் போடுகிறார், வந்துவிடுகிறார்.

அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன்.

கேரளத்தில் ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கிராம சபை. அந்த வார்டின் வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். யாரும் யாரையும் தேர்ந்தெடுத்து அனுப்புவதில்லை, நீங்களே உறுப்பினர். வார்டு உறுப்பினர் அதைக் கூட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட்ட வேண்டும். அடுத்தடுத்து இருமுறை கூட்டத் தவறினால் பதவியையே இழக்க நேரும். வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கினர் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். 1,200 வாக்காளர் உள்ள வார்டு என்றால் 120 பேர்.

இந்த 120 பேரை யார் நிரப்புகிறார்கள்? பெரும்பாலும் குடும்பஸ்ரீ என்ற அரசு மகளிர் இயக்கத்தின் அயல்கூட்டத்து (சுயஉதவிக் குழு) பெண்கள். வேலை நாளில் தொழிலுறுதி என்னும் ஊரக வேலைத் திட்டப் பணியிலிருந்து மண் ஒட்டிய கால்களோடு நேராக வந்து உட்காருகிறார்கள். இளைஞர்கள் வாசலில் பைக்கைச் சாய்த்துவிட்டு நிற்பார்கள், அல்லது வருவதே இல்லை. வீடு, கிணறு, ஆடு, கறவை மாடு எதற்காக இருந்தாலும் பயனாளிகளை முன்னுரிமை வரிசையில் அடுக்குவது கிராம சபைதான். அந்த வரிசையை மாற்றப் பஞ்சாயத்துக்கு அதிகாரம் இல்லை. உங்கள் தெருவில் கூரை ஒழுகும் வீட்டில் தனியாக இருக்கும் கிழவியின் பெயர் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் வர வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கினர் பொருளைக் குறிப்பிட்டு எழுதிக் கேட்டால், 15 நாட்களுக்குள் சிறப்புக் கூட்டம் கூட்டியாக வேண்டும். இரண்டு சாதாரணக் கூட்டங்களுக்கு நடுவே ஒருமுறை இப்படிக் கேட்கலாம். வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பெண், “120 கையெழுத்துதானே சார், எங்கள் தெருவும் பக்கத்துத் தெருவும் போதுமே” என்றாள். அப்படியேதான்.

1996-இல் கேரளம் மக்கள் திட்டத்தைத் தொடங்கித் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியபோது, கிராம சபைக் கூட்டங்களில் திருவிழாக் கூட்டம் இருந்தது. நான் அப்போது இளம் ஆசிரியன். பள்ளிக்கூடத்து பெஞ்சுகளைத் தூக்கி வெளியே போட்டோம். அந்தச் சூடு தணிந்துவிட்டது. பணமும் சட்டமும் அப்படியே இருக்கின்றன.

கூட்டத்தில் தமிழில் பேசலாமா? அலுவலகத்தில் தமிழில் மனு கொடுக்கலாமா?

பேசலாம், கொடுக்கலாம். அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு, குறைதீர்க்கக் கேட்டு எந்த அதிகாரிக்கும் அந்த மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் மனுக் கொடுக்கலாம் என்கிறது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியில் எழுதலாம். பதிலும் அதே மொழியில் வர வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் தெருப் பொதுக்குழாய் பற்றி ஓர் அலுவலகத்தில் தமிழில் மனு கொடுத்தேன். வாங்கியவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதைப் படிக்க இங்கே ஆள் இல்லை, மலையாளத்தில் எழுதிக் கொண்டு வாருங்கள்” என்று மேசைமேல் வைத்தார். கடுமையாகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தமிழ் எழுத்துத் தெரியாது. மறுநாள் அந்தச் சட்டத்தின் பகுதியை மலையாளத்திலேயே நகலெடுத்து, மனுவோடு சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. கையால் எழுதிய தமிழ். குழாய் என்பதைக் ‘குளாய்’ என்று எழுதியிருந்தது. யாரோ ஒருவர் தேடிப் பிடித்து, சிரமப்பட்டு, நமக்காக எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தை இன்றும் கோப்பில் வைத்திருக்கிறேன். வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன்.

மொழிபெயர்ப்பு எவ்வளவு கனமான வேலை என்பதற்கு ஒரு சான்று: 2021-இல் தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினர் தமிழில் பதவி உறுதிமொழி எடுத்தார். கொடுக்கப்பட்ட தமிழ் வாசகத்தில் கடவுளின் பெயரால் என்றோ உளமார என்றோ எதுவும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் மறுபடியும் உறுதிமொழி எடுக்க வேண்டியதாயிற்று. இரு மொழியும் கற்ற நம் பிள்ளைகள் அந்த அலுவலகங்களில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

மலையாளம் படித்தால் தமிழ் போய்விடும் என்கிறார் தாத்தா.

தாத்தாவின் பயத்தை மதியுங்கள், மலையாளத்தையும் படியுங்கள். பஞ்சாயத்தின் திட்ட ஆவணம் மலையாளத்தில் இருக்கிறது. வாசிக்கத் தெரியாதவர் இன்னொருவர் சொல்வதை நம்பித்தான் கை தூக்க வேண்டியிருக்கும்.

ஒரு சின்னப் பஞ்சாயத்தால் என்ன செய்துவிட முடியும்?

பெருமாட்டி நம் பக்கத்துப் பஞ்சாயத்து. அங்கே பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலை 2000-இல் இயங்கத் தொடங்கியது. சுற்றியிருந்த கிணறுகளில் நீர் வற்றியது. இருந்த நீரும் வாயில் வைக்க முடியாமல் போனது. 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியது. முன்னே நின்றவர்களில் ஒருவர் மயிலம்மா, எரவாளர் பழங்குடிப் பெண். 2003 ஏப்ரலில் பெருமாட்டிப் பஞ்சாயத்து ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. ஒரு கிராமப் பஞ்சாயத்தின் தீர்மானம் உலகம் அறிந்த ஒரு கம்பெனியின் முன்னால் போய் நின்றது. வழக்குகள் நடந்தன. 2004 மார்ச்சில் ஆலை நின்றது, பிறகு திறக்கவே இல்லை.

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்ல மனம் வரவில்லை. அரசு அமைத்த உயர்மட்டக் குழு, மக்களுக்கு நேர்ந்த இழப்பை 2010-இல் 216.26 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. 2011-இல் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கான மசோதாவைக் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிடைக்கவில்லை. மயிலம்மா 2007-லேயே இறந்துவிட்டார். பஞ்சாயத்தால் ஓர் ஆலையை நிறுத்த முடிந்தது. நிவாரணத்தை வாங்கித் தர முடியவில்லை. எந்த அதிகாரம் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் நம் தாலுகாவில் இல்லை. சட்டமன்றத்துக்குச் சித்தூர்த் தொகுதி, நாடாளுமன்றத்துக்கு ஆலத்தூர்த் தொகுதி: அந்த இரண்டு இடங்களிலும் இதைக் கேட்க வேண்டியவர்கள் இனி நீங்கள்.

நாங்கள் ஒதுக்குப்புறக் குடியிருப்பில் இருக்கிறோம். எழுந்து பேசினால் கேட்பார்களா?

இந்தக் கேள்வியைக் கேட்ட பையன் தலையைக் குனிந்துகொண்டே கேட்டான்.

தமிழர் என்று சொல்லிக்கொள்ளும்போது நமக்குள் இருக்கும் பிளவை மறைக்கக்கூடாது. முதலமடைப் பஞ்சாயத்தின் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் வாழும் சக்கிலியர் மக்களுக்கு நடக்கும் தீண்டாமை 2017-இல் கேரளம் முழுவதும் பேசப்பட்டது. வெளியிலிருந்து வந்த யாரோ இழைத்த கொடுமையாக அதை நினைத்துவிட வேண்டாம். நம் ஊர், நம் தெரு. அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்து 75 ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. 2024 ஜூனில் இப்படிப்பட்ட குடியிருப்புகளுக்குக் ‘காலனி’ என்ற பெயரையே விடும்படி கேரள அரசு ஆணையிட்டது. நல்ல ஆணை. பெயர்ப் பலகை மாறினால் டீக்கடையில் காட்டும் தீண்டாமை மாறிவிடுமா என்பதை அந்தப் பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும்.

தனியாக எழுந்து பேசத் தயக்கமாக இருந்தால் நான்கு பேராகப் போங்கள். பேச வேண்டியதை எழுதிக் கையெழுத்திட்டுக் கூட்டத் தலைவரிடம் கொடுங்கள். பட்டியல் சாதிகளுக்கும் பழங்குடிகளுக்குமான உபதிட்ட நிதி எவ்வளவு, போன ஆண்டு எதற்குச் செலவானது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் கூட்டத்தை முடிப்பது கடினம். மற்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அவர்கள் பேசும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள்.

கூட்டத்துக்குப் போகிறேன் என்றால் வீட்டில் ‘பெண்பிள்ளைக்கு எதற்கு?’ என்கிறார்கள்.

மூணாறைச் சொல்லுங்கள். 2015 செப்டம்பரில் போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைந்தபோது, தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் வந்து அமர்ந்தார்கள். ‘பெம்பிளை ஒருமை’ (பெண்பிள்ளைகளின் ஒற்றுமை) என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் வர விடவில்லை. ஒன்பதாம் நாள் 20 சதவீதம் கிடைத்தது. முன்னின்ற கோமதி அதே நவம்பரில் பிளாக் பஞ்சாயத்துத் தேர்தலில் வென்றார். கேரள உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கானவை. போட்டியிட 21 வயது போதும். 2020-இல் 21 வயது ஆர்யா ராஜேந்திரன் திருவனந்தபுரம் மேயரானார்.

கட்சியில் சேரலாமா?

சேரலாம். சேராமலும் இருக்கலாம். எந்தக் கட்சி என்று நான் சொல்ல மாட்டேன். வகுப்பில் எல்லாக் கட்சிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பாலக்காட்டுக் கல்லூரிகளில் மாணவர் சங்கத் தேர்தல் உண்டு. எல்லை தாண்டிப் பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் படிக்கப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் அந்த அனுபவம் கிடைப்பதில்லை. அவர்களுக்கு வாசகசாலைக் குழுவும் விளையாட்டுக் கிளப்பும்தான் பயிற்சிக் களம். கணக்கு எழுதுவதும், தோற்றபிறகு அடுத்த கூட்டத்துக்கு வருவதும் அங்கேயும் பழகலாம்.

நம் தோப்புகளில் இப்போது வங்காளம், அசாம், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களும் இதில் சேர்த்தியா?

இதைக் கேட்ட பிள்ளையை அன்று நான் தட்டிக்கொடுத்தேன். நம்மைப் பார்த்து “பாண்டி” என்று கேலி பேசிய காலம் எனக்கு நினைவிருக்கிறது. அதே தொனியில் நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று “பெங்காலி” என்று சொல்வதைக் கேட்கும்போது வயிறு கலங்குகிறது. அவர்களின் குழந்தை நம் அங்கன்வாடியில் உட்கார்ந்திருக்கிறது. நாம் நமக்காக எடுத்துக் காட்டும் 350ஏ அந்தக் குழந்தைக்கும் உரியது. கேரள எழுத்தறிவு இயக்கம் அவர்களுக்கு மலையாளம் கற்பிக்க ‘சங்ஙாதி’ என்ற திட்டம் நடத்துகிறது. நீங்கள் ஒரு மாலை ரேஷன் கடைக்கு அவர்களோடு போய் வந்தாலே பெரிய உதவி.

எனக்கு இன்னும் 18 ஆகவில்லை. என்ன செய்வது?

குடும்பஸ்ரீ நடத்தும் பிள்ளைகள் குழுவான பாலசபை உங்கள் வார்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கிராம சபைக்கு அம்மாவோடு போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். அம்மாவுக்கு மலையாளத் தீர்மானத்தைப் படித்துச் சொல்லுங்கள்.

முதல்முறை கிராம சபைக்குப் போகிறேன். எதைக் கொண்டுபோக வேண்டும்?

வாக்காளர் அட்டை, ஒரு நோட்டு, ஒரு பேனா. ஒரே ஒரு கேள்வியை எழுதி எடுத்துப் போங்கள். மூன்று கேட்டால் மூன்றும் கலைந்துவிடும். வரவுப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அது எந்தப் பக்கம், மேலே என்ன தேதி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கூட்டம் முடிந்ததும் உடனே கிளம்ப வேண்டாம். நடவடிக்கைப் பதிவேட்டை எழுதுபவரிடம் போய், “என் கேள்வி ஏறிவிட்டதா?” என்று கேட்டு, அந்த வரியைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.